ஃபோர்க்லிஃப்ட் ஏன் மெதுவாகத் தூக்குகிறது?

மின்சார ஃபோர்க்லிஃப்டின் கோளாறுகளில் எளிதில் தவறாகக் கணிக்கப்படுவது, தூக்கும் வேகம் குறைவதுதான். வண்டி வழக்கம்போல ஓடும், ஸ்டியரிங் திரும்பும், ஃபோர்க்கும் ஏறத்தான் செய்யும். ஆனால் 7 நொடியில் எட்டிய உயரத்துக்கு 10, 12 நொடி பிடிக்கும். வண்டி நின்றுவிடாததால் யாரும் உடனே கவனிப்பதில்லை. கவனித்த பிறகோ, பம்ப் தேய்ந்துவிட்டது என்று முடிவுகட்டி அதைக் கழற்றுவதே பல இடங்களில் முதல் வேலையாக இருக்கிறது. ஹைட்ராலிக் அமைப்பில் விலை கூடிய பாகங்களுள் பம்ப் ஒன்று. சோதிக்கும் வரிசையில் அது கடைசியில் வரவேண்டியது.

திண்டுக்கல் சமவெளியில் இந்த வண்டிகளுக்கு நிறைய வேலை வைத்திருப்பவை நூற்பாலைகள். திண்டுக்கல்லைச் சுற்றியும் வேடசந்தூர் வட்டாரத்திலும் உள்ள மில்களுக்குக் குஜராத், மகாராஷ்டிரம், தெலங்கானா போன்ற மாநிலங்களிலிருந்து பஞ்சு லாரியில் வந்து இறங்குகிறது. அழுத்திக் கட்டிய ஒரு பேலின் எடை பொதுவாக 170 கிலோ. 17 டன் ஏற்றிவரும் லாரியில் 100 பேல் இருக்கும். டீசல் வண்டியின் புகைக்கரி பஞ்சில் படியும். சூடான சைலன்சர் பஞ்சுக் குடோனுக்கு ஆகவே ஆகாது. அதனால் குடோனுக்குள் பேட்டரி வண்டிதான் பொருத்தம். பருத்தி ஆண்டு அக்டோபரில் தொடங்கும். வரத்து பெருகும் மாதங்களில் மில்கள் இருப்பு சேர்க்கும்போது வண்டிக்கு ஓய்வே இராது. அந்த நேரத்தில் தூக்கும் வேகம் விழுந்தால் லாரிகள் காத்திருக்கும். அதைவிடக் கெட்ட விளைவு ஒன்று உண்டு: இழந்த நேரத்தைப் பிடிக்க ஓட்டுநர் பளுவை ஏற்றிக்கொண்டே வண்டியை நகர்த்தத் தொடங்குவார். உயரத்தில் பளுவோடு நகரும் ஃபோர்க்லிஃப்ட் கவிழ்வதற்கு ஒரு திருப்பம் போதும். மெதுவாகத் தூக்கும் வண்டியை உற்பத்திப் பிரச்சினையாக மட்டும் பார்க்கக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

தூக்கும் வேலை நடக்கும் முறை சிக்கலானதல்ல. பேட்டரியின் மின்சாரம் பம்ப் மோட்டாரைச் சுழற்றுகிறது. மோட்டார் ஒரு கியர் பம்பைச் சுழற்றுகிறது. பம்ப் டேங்கிலிருந்து எண்ணெயை உறிஞ்சி, கன்ட்ரோல் வால்வு வழியாக, ஃபோர்க் ஏறி இறங்கும் சட்டமான மாஸ்ட்டின் இரு பக்கமும் உள்ள லிஃப்ட் சிலிண்டர்களுக்கு அனுப்புகிறது. சிலிண்டர் தண்டு மேலே எழும்பும்போது, உருளையின் மேல் ஓடும் செயின் ஃபோர்க் பொருத்திய கேரியேஜை இழுத்துக்கொண்டு போகிறது. செயினின் ஒரு முனை நிலையாகக் கட்டப்பட்டிருப்பதால் தண்டு 1 அடி எழும்பினால் கேரியேஜ் 2 அடி ஏறும். வேகம் இரட்டிப்பாகிறது, அதற்கு விலையாகச் சிலிண்டர் தாங்கவேண்டிய பாரமும் இரட்டிப்பாகிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் கோளாறு எங்கெல்லாம் ஒளிந்துகொள்ள முடியும் என்பது புரியும். 45 மி.மீ. தடிமனுள்ள இரண்டு சிலிண்டர் தண்டுகள் என்று வைத்துக்கொண்டால், இரண்டின் பரப்பும் சேர்ந்து சுமார் 32 சதுர செ.மீ. பம்ப் நிமிடத்துக்கு 30 லிட்டர், அதாவது நொடிக்கு 500 கன செ.மீ. எண்ணெய் தருகிறது. 500-ஐ 32-ஆல் வகுத்தால் தண்டு நொடிக்கு ஏறத்தாழ 15.6 செ.மீ. எழும்பும்; ஃபோர்க் 31 செ.மீ. ஏறும். ஃபோர்க்கின் வேகத்தை நிர்ணயிப்பது சிலிண்டருக்குப் போய்ச் சேரும் எண்ணெயின் அளவு. அழுத்தம் போதாமல் போனால் பளு ஏறாது; எண்ணெய் போதாமல் போனால் மெதுவாக ஏறும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, வேகம் வேண்டும் என்று, அழுத்தம் அளவை மீறாமல் தடுக்கும் ரிலீஃப் வால்வின் திருகை இறுக்குவது மிகப் பரவலான தவறு, ஆபத்தான தவறும்கூட.

அதே வண்டி 1,500 கிலோ பளுவைத் தூக்குகிறது; கேரியேஜும் ஃபோர்க்கும் 300 கிலோ. மொத்தம் 1,800 கிலோ, செயினால் இரட்டித்து 3,600 கிலோ. அதை 32 சதுர செ.மீ. தாங்கும்போது அழுத்தம் சுமார் 110 பார். இந்த அழுத்தத்தில் நொடிக்கு அரை லிட்டர் எண்ணெயைத் தள்ள சுமார் 5.5 கிலோவாட் தேவை. பம்பிலும் மோட்டாரிலும் வீணாவதைச் சேர்த்தால் பேட்டரி 8 கிலோவாட்டுக்கு அருகில் தரவேண்டும். 48 வோல்ட் பேட்டரியில் அது ஏறத்தாழ 165 ஆம்பியர். வீட்டு மின் இணைப்பில் நினைத்துக்கூடப் பார்க்க முடியாத இந்த மின்னோட்டம் ஒவ்வொரு முறை முழுப் பளுவைத் தூக்கும்போதும் கேபிள்களில் ஓடுகிறது. ஒரு மோசமான இணைப்பு இந்த வண்டியில் எவ்வளவு கேடு செய்யும் என்பதை அந்த 165 நினைவூட்டுகிறது.

சோதனையின் தொடக்கம், வேகத்தை அளப்பது. 'மெதுவாக இருக்கிறது' என்பது புகார்தான், அளவு ஆகாது. மாஸ்ட்டில் தரையிலிருந்து சற்று மேலே ஒரு கோடும், அதற்கு 2 மீட்டர் மேலே இன்னொரு கோடும் சுண்ணக்கட்டியால் போட்டு, லீவரை முழுதாக இழுத்து, கைபேசியின் ஸ்டாப்வாட்ச்சில் நேரம் பார்த்தால் போதும். நொடிக்கு 30 செ.மீ. என்று கையேட்டில் இருந்தால் 2 மீட்டருக்கு 7 நொடிக்குச் சற்றுக் குறைவாக ஆகவேண்டும். 10 நொடி ஆனால் மூன்றில் ஒரு பங்கு வேகம் போய்விட்டது. வெறும் ஃபோர்க்கோடு ஒருமுறை, எடை தெரிந்த பளுவோடு ஒருமுறை அளக்கவேண்டும். மில்களில் கூடுதலாக ஒன்றைக் கவனிக்கவேண்டும். பேலை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் பேல் கிளாம்ப் பொருத்திய வண்டியில் கிளாம்ப்பின் எடையே பல நூறு கிலோ இருக்கும். வெறும் ஃபோர்க்குக்குக் கொடுத்த கையேட்டு வேகத்தோடு கிளாம்ப் போட்ட வண்டியை ஒப்பிட்டால் நல்ல வண்டியும் கோளாறாகத் தெரியும். மூன்றடுக்கு மாஸ்ட் உள்ள வண்டிகளில் நடுச் சிலிண்டர் முடிந்து பக்கச் சிலிண்டர்கள் தொடங்கும் இடத்தில் வேகம் மாறுவதும் வடிவமைப்பிலேயே உள்ளது.

அளந்த இரு எண்களே பாதி விடையைச் சொல்லிவிடும். பளு இல்லாமலும் பளுவோடும் ஒரே விகிதத்தில் வேகம் குறைந்திருந்தால், மோட்டார் முழு வேகத்தில் சுற்றவில்லை அல்லது பம்புக்கு எண்ணெய் வந்து சேரவில்லை என்று பொருள். வெறும் ஃபோர்க் சரியாக ஏறி, பளு வைத்ததும் தடாலென வேகம் விழுந்தால் பேட்டரி, மின் இணைப்பு, பம்ப்பின் உட்கசிவு, ரிலீஃப் வால்வு ஆகியவற்றின் மீது சந்தேகம் போகவேண்டும். காலையில் சரியாக இருந்து மாலையில் மட்டும் சோர்ந்தால் பேட்டரியையோ சூட்டையோ பார்க்கவேண்டும். தூக்குவதோடு வண்டி ஓடும் வேகமும் குறைந்திருந்தால் ஹைட்ராலிக்கைத் தொடவே வேண்டாம். இரண்டுக்கும் பொதுவானது பேட்டரிதான். தூக்குவது மெதுவாகி, மாஸ்ட்டைச் சாய்ப்பது மட்டும் வழக்கம்போல நடந்தால் லிஃப்ட் பக்கத்து வால்வு, சிலிண்டர், மாஸ்ட் என்று தேடும் இடம் சுருங்கிவிடும்.

கருவி எடுக்குமுன் பார்க்கவேண்டியவை சில. பல புதிய வண்டிகளில் ஆமைப் படம் போட்ட பொத்தானோ சிக்கன முறையோ இருக்கும். யாரோ தெரியாமல் அழுத்திவிட்டால் எல்லாமே மெதுவாகும். பேட்டரியையோ கன்ட்ரோலரையோ மாற்றிய சர்வீசுக்குப் பிறகு தொடங்கிய கோளாறென்றால், கன்ட்ரோலரில் பதிந்துள்ள வேக அமைப்புகள் பழைய நிலைக்கு வந்துவிட்டனவா என்று பார்க்கவேண்டும். திரையில் பிழை எண் தெரிந்தால் குறித்துக்கொள்ளவேண்டும். எண்ணெய் அளவை ஃபோர்க்கை முழுதாகத் தரையில் இறக்கிய பிறகே பார்க்கவேண்டும். ஏற்றி வைத்துப் பார்த்தால் சிலிண்டரில் உள்ள எண்ணெய் கணக்கில் வராது. மேலே சொன்ன வண்டியில் 3 மீட்டர் ஏற ஏறக்குறைய 5 லிட்டர் எண்ணெய் டேங்கிலிருந்து வெளியேறுகிறது. டேங்கில் எண்ணெய் குறைந்த வண்டி பாதி உயரம் வரை நன்றாக ஏறி, அதன்பின் பம்ப் கூச்சலிட, நின்றுவிடும்.

கழற்றும் வேலைக்கு முன் சில விதிகளை மீறவே கூடாது. பேட்டரி பிளக்கைப் பிடுங்கவேண்டும். கன்ட்ரோலருக்குள் உள்ள கெப்பாசிட்டர்கள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். கையேடு சொல்லும் முறையில் அதை வடித்துவிட்டே கை வைக்கவேண்டும். மோதிரம், கைக்கடிகாரம் கூடாது. தூக்கிய ஃபோர்க்கின் கீழோ மாஸ்ட்டின் குறுக்குக் கம்பிகளுக்கு இடையிலோ கையையும் தலையையும் விடக்கூடாது. மாஸ்ட்டை உயரத்தில் வைத்தே பார்க்கவேண்டுமென்றால் உறுதியான கட்டையோ சங்கிலியோ கொண்டு நிறுத்தவேண்டும். 100 பார் அழுத்தத்தில் ஊசித் துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சிறு புள்ளியாகத் தெரியும் அந்தக் காயம் விரலையே எடுக்கவேண்டிய நிலைக்குக் கொண்டுபோகலாம். உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டிய காயம் அது. கசிவைக் கையால் தடவித் தேடாமல், ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பார்க்கவேண்டும்.

பெரும்பாலான விசாரணைகள் பேட்டரியில் தொடங்குவதே முறை. 48 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி என்பது 2 வோல்ட் செல்கள் 24 தொடராக இணைந்தது. முழு சார்ஜில் அமிலத்தின் அடர்த்தி ஹைட்ரோமீட்டரில் 1.28 அளவில் இருக்கும். 80 விழுக்காடு செலவானபின் 1.15-க்குக் கீழே வந்துவிடும். அதற்கு மேல் இறக்கினால் பேட்டரியின் ஆயுள் குறையும் என்பதால், பல வண்டிகளில் 20 விழுக்காடு மிஞ்சும்போது லிஃப்ட்டை மட்டும் வெட்டிவிடும் அல்லது மெதுவாக்கிவிடும் ஏற்பாடு இருக்கிறது. அது கோளாறல்ல, காவல். சார்ஜ் போட்டதும் வேகம் திரும்புகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

சும்மா நிற்கும் பேட்டரியின் வோல்டேஜ் எதையும் நிரூபிக்காது. பளுவைத் தூக்கிக்கொண்டிருக்கும்போதே மீட்டரைப் பார்க்கவேண்டும். நல்ல பேட்டரி தூக்கும் நேரத்தில் ஒன்றிரண்டு வோல்ட் இறங்கி அங்கேயே நிற்கும். 40-க்குக் கீழே சரிந்தால் பேட்டரியே குற்றவாளி. அடுத்து, அதே பளுவில் செல் செல்லாக அளக்கவேண்டும். மற்றவை 1.9 வோல்ட்டுக்கு மேலே நிற்கும்போது ஒரு செல் மட்டும் 1.7-க்குக் கீழே விழுந்தால் அந்த ஒன்றே முழுத் தொடரையும் இழுத்துப்பிடிக்கிறது. முழு பேட்டரியும் போய்விட்டதென்று மாற்றுவதற்கு முன் இதைச் செய்யாதவர்கள் பெரும் பணத்தை வீணாக்குகிறார்கள்.

பேட்டரி இப்படி ஆவதற்கு இந்த வட்டாரத்துக்கே உரிய காரணங்கள் உண்டு. முதலாவது தண்ணீர். திண்டுக்கல் சமவெளியின் கிணற்று நீரும் போர் நீரும் பல இடங்களில் கடினமானவை. தோல் ஆலைகளின் கழிவால் உப்பேறிய நிலத்தடி நீர் நகரை ஒட்டி நெடுங்காலமாக இருந்துவரும் துயரம். டிஸ்டில்ட் வாட்டர் தீர்ந்த நாளில் குழாய்த் தண்ணீரை ஊற்றினால் குளோரைடும் இரும்பும் செல்லுக்குள் போய்ச் சேரும். பேட்டரி தானாகவே சார்ஜை இழக்கத் தொடங்கும். ஒருமுறை உள்ளே போன உப்பு திரும்பி வராது. தண்ணீர் ஊற்றுவதும் சார்ஜ் முடிந்த பிறகே நடக்கவேண்டும். முன்னால் நிரப்பினால் சார்ஜில் பொங்கி அமிலம் வழியும். பிளேட் மூடாத அளவுக்கு வற்றிய செல்லுக்கு மட்டும் சார்ஜுக்கு முன் பிளேட் மறையும் அளவு ஊற்றலாம்.

இரண்டாவது பஞ்சு. மில்லின் காற்றில் மிதக்கும் பஞ்சுத்தூசி பேட்டரியின் மேல்மூடியில் படிந்து, வழிந்த அமிலத்தை உறிஞ்சி, ஈரத் துணிபோல் ஒட்டிக்கொள்ளும். அது மின்சாரம் கடத்தும். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி முனையிலும் மற்றொன்றை மேல்மூடியிலும் வைத்தால் சில வோல்ட் காட்டும் பேட்டரிகளும் உண்டு. அந்த வழியாக இரவும் பகலும் சார்ஜ் கசிகிறது. மூடிகளை இறுக்கி, மேல்பரப்பைக் கழுவித் துடைத்தாலே அந்தக் கசிவு நின்றுவிடக் கூடும்.

மூன்றாவது, பாதியில் நிறுத்திய சார்ஜ். உயர் அழுத்த இணைப்புள்ள தொழிற்சாலைகளுக்கு உச்சநேர மின்கட்டணம் கூடுதல் என்பதால் சார்ஜிங்கை இரவுக்குத் தள்ளுவது நியாயமான சிக்கனம்தான். ஆனால் காலை ஷிப்டுக்காக விடியுமுன் பிளக்கைப் பிடுங்கினால், நாள்தோறும் கொஞ்சம் சார்ஜ் ஏறாமல் தங்கி, பிளேட்டில் சல்ஃபேட் கெட்டிப்பட்டுவிடும். எல்லா செல்களையும் ஒரே நிலைக்குக் கொண்டுவரும் சமன் சார்ஜை வாரம் ஒருமுறையாவது முழுதாக முடிய விடவேண்டும். லித்தியம் பேட்டரி வண்டிகளில் இந்தக் கதை வேறு: வோல்டேஜ் கடைசிவரை ஏறக்குறைய ஒரே நிலையில் நிற்கும், வேகம் படிப்படியாகக் குறையாது. செல் சூடானாலோ சமநிலை தவறினாலோ உள்ளிருக்கும் கண்காணிப்பு மின்சுற்று மின்னோட்டத்தைத் திடீரென்று மட்டுப்படுத்தும். அதைத் திரையிலோ சர்வீஸ் கருவியிலோதான் படிக்க முடியும்.

பேட்டரியில் வோல்டேஜ் நிற்கிறது, மோட்டாரில் மட்டும் குறைகிறது என்றால் இடையில் எங்கோ திருடு போகிறது. பேட்டரி பிளக், கேபிள் லக், ஃபியூஸ், கான்டாக்டர் என்று ஒவ்வோர் இணைப்பின் இரு பக்கமும் மீட்டர் முனைகளை வைத்து, பளுவைத் தூக்கும் நேரத்தில் அளக்கவேண்டும். நல்ல இணைப்பில் 0.1 வோல்ட்டுக்கு மேல் விழக்கூடாது. 0.01 ஓம் தடை என்பது கண்ணுக்குத் தெரியாத அரிப்பு. 165 ஆம்பியரில் அது 1.65 வோல்ட்டை விழுங்கி, 270 வாட் சூட்டை ஒரே புள்ளியில் கக்கும். பிளாஸ்டிக் உருகிய பிளக்கும் நீலம் பாய்ந்த லக்கும் அதன் அடையாளங்கள். உப்பிட்ட தோல்களைத் தூக்கும் தோல் ஆலை வண்டிகளில் இது மேலும் வேகமாக நடக்கும்: சொட்டும் உப்புநீர் லக்கையும் மைக்ரோ சுவிட்சையும் செயினையும் ஒருசேர அரிக்கும். அங்கே வாரச் சோதனை தேவை. மில்லில் மாதம் ஒருமுறை போதும்.

மோட்டார் இரு வகை. பழைய வண்டிகளில் டி.சி. மோட்டார், அதில் கார்பன் பிரஷ் தேயும், பிரஷ் ஸ்பிரிங் தளரும், கம்யூட்டேட்டர் கருகும். கருத்த பட்டைகளும் பிரஷ் தூளும் தெரிந்தால் சுத்தம் செய்து, குறைந்தபட்ச நீளத்துக்குக் கீழே போன பிரஷ்களை முழுத் தொகுதியாக மாற்றவேண்டும். கான்டாக்டர் வைத்து இரண்டு வேகங்களில் ஓடும் பழைய வண்டியில், லீவரை முழுதாக இழுத்தபின்னும் இரண்டாம் வேகத்து மைக்ரோ சுவிட்ச் அழுந்தாவிட்டால் பம்ப் முதல் வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். விலை குறைந்த ஒரு சுவிட்சுக்காகப் பம்பை மாற்றிவிடக்கூடிய இடம் இது.

புதிய வண்டிகளில் ஏ.சி. மோட்டாரும் அதை நடத்தும் கன்ட்ரோலரும். பிரஷ் கிடையாது. ஆனால் லீவரின் கீழுள்ள சென்சார் தரும் வோல்டேஜைக் கொண்டே கன்ட்ரோலர் வேகத்தைத் தீர்மானிக்கிறது. லீவர் முழுதாக வந்தும் சென்சார் முழு அளவைக் காட்டாவிட்டால் மோட்டாருக்கு அரைகுறைக் கட்டளைதான் போகும். சென்சாரை மறு அளவீடு செய்யவேண்டும். மோட்டாரின் சுழற்சியைப் படிக்கும் சென்சார் பழுதானால் பல கன்ட்ரோலர்கள் காப்பு முறைக்குப் போய் ஊர்ந்து செல்லும் வேகத்தை மட்டுமே தரும். சூடு இன்னொன்று. கன்ட்ரோலரின் உள்வெப்பம் 85 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது பலவும் மின்னோட்டத்தைக் குறைக்கத் தொடங்கும். சித்திரை, வைகாசி வெயிலில் தகரக் கூரைக் குடோனில், விசிறியும் குளிர்விக்கும் தகடுகளும் பஞ்சால் அடைபட்ட வண்டி பிற்பகலில் சோர்வதற்கு இதைவிட வேறு காரணம் தேடவேண்டியதில்லை. ஈரமில்லாத காற்றால் ஊதிச் சுத்தம் செய்வதே மருந்து. அதையும் குடோனுக்கு வெளியே செய்யவேண்டும்.

மோட்டார் தன் முழு வேகத்தில் சுற்றுவது டாக்கோமீட்டரிலோ சர்வீஸ் கருவியிலோ உறுதியான பிறகே ஹைட்ராலிக் பக்கம் திரும்பவேண்டும். இங்கும் முதலில் பார்க்கவேண்டியது பம்பை அல்ல, பம்பு உறிஞ்சும் பக்கத்தை. ஃபோர்க் ஏறும்போது டேங்கில் எண்ணெய் இறங்கும். அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வரவேண்டும். அதற்கான வழி டேங்க் மூடியில் உள்ள பிரீதர். மில் வண்டிகளில் அந்தச் சின்ன வடிகட்டி பஞ்சால் அடைத்துக்கொண்டால் டேங்கில் வெற்றிடம் உண்டாகும், பம்ப் எண்ணெய்க்குத் திணறும். சோதனை மிக எளிது: எண்ணெய் ஊற்றும் மூடியைத் தளர்த்திவிட்டு மறுபடி தூக்கிப் பார்க்கவேண்டும். வேகம் திரும்பினால் குற்றவாளி பிரீதர்தான். திரும்பாவிட்டால் சக்‌ஷன் ஸ்ட்ரெய்னர் அடைப்பும் சக்‌ஷன் ஹோஸும் அடுத்து. பழைய ஹோஸ் உள்ளே தளர்ந்து, உறிஞ்சும் நேரத்தில் ஒட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் நன்றாகவே தெரியும். உறிஞ்சும் பக்கத்துக் கோளாறுக்கு ஒலி உண்டு: பம்ப் கூர்மையாக ஊளையிடும், சிலநேரம் உள்ளே கூழாங்கல் உருள்வதுபோல் கேட்கும். எண்ணெய் நுரைத்துப் பால்நிறமாக இருந்தால் எங்கோ காற்றோ தண்ணீரோ புகுகிறது. இந்த நிலையில் வண்டியை ஓட்டிக்கொண்டே இருந்தால் நல்ல பம்பும் சில வாரங்களில் உண்மையாகவே தேய்ந்துவிடும்.

எண்ணெயின் தரமும் வேகத்தை மாற்றும். வி.ஜி. 46 என்ற எண்ணெயின் பாகுத்தன்மை 40 டிகிரியில் 46 அளவு. 60 டிகிரியில் அது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். நீர்த்த எண்ணெய் பம்பின் கியருக்கும் பக்கத்தகட்டுக்கும் இடையிலுள்ள மெல்லிய இடைவெளிகளில் எளிதாகப் பின்னோக்கி நழுவும். புதிய பம்பில் அது பெரிதாகத் தெரியாது. தேய்ந்த பம்பில் காலை வேகத்துக்கும் மதிய வேகத்துக்கும் பெரிய வித்தியாசம் காட்டும். தயாரிப்பாளர் அனுமதித்தால் கோடையில் வி.ஜி. 68-க்கு மாறலாம். ஆனால் தேய்ந்த பம்பை மறைக்கக் கெட்டி எண்ணெய் ஊற்றுவது நோயை வளர்ப்பதாகும்.

பம்ப் தேய்ந்துவிட்டதா என்பதைக் கணக்கால் அறியலாம். ஒரு சுற்றுக்கு 15 கன செ.மீ. தரும் பம்ப் நிமிடத்துக்கு 2,200 முறை சுழன்றால் 33 லிட்டர் வரவேண்டும். பளுவோடு ஃபோர்க் ஏறும் நேரத்திலிருந்து சிலிண்டருக்கு உண்மையில் போன எண்ணெயைக் கணக்கிட்டால் 30 லிட்டர் என்று வந்தால் பம்ப் நலமாக இருக்கிறது. 22 லிட்டர்தான் என்றால் மூன்றில் ஒரு பங்கு எங்கோ திரும்பி ஓடுகிறது. எங்கே என்பதற்கு நகர்வுச் சோதனை விடை தரும். பளுவை உயர்த்தி, மோட்டாரை நிறுத்தி, ஃபோர்க் தானாக எவ்வளவு இறங்குகிறது என்று தொலைவில் நின்று பார்க்கவேண்டும். சர்வதேசப் பாதுகாப்புத் தரம் ஐ.எஸ்.ஓ. 3691-1 முழுப் பளுவில் முதல் 10 நிமிடத்துக்கு 100 மி.மீ. வரைதான் அனுமதிக்கிறது. அதற்கு மேல் இறங்கினால் சிலிண்டர் சீலோ கன்ட்ரோல் வால்வுக்குள் நகரும் ஸ்பூலோ கசிகிறது. இறக்கம் குறைவாக இருந்தும் ஏற்றம் மெதுவென்றால், தவறு வால்வுக்கு முன்னால்: பம்ப் அல்லது ரிலீஃப் வால்வு. அழுத்த மீட்டரைப் பொருத்தி, மாஸ்ட்டை முழுதாகச் சாய்த்து லீவரைச் சில நொடி பிடித்தால் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று தெரியும். பல வண்டிகளில் சாய்ப்புக்குத் தனி ரிலீஃப் இருப்பதால் கையேட்டைப் பார்த்தபின் செய்யவேண்டிய சோதனை இது. குறிப்பிட்ட அழுத்தத்துக்கு முன்பே வால்வில் சீறல் கேட்டு, டேங்குக்குத் திரும்பும் குழாய் சூடானால் ரிலீஃப் வால்வில் அழுக்கு சிக்கியிருக்கிறது அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. சுத்தம் செய்து குறிப்பிட்ட அளவில் மறுபடி வைக்கவேண்டும். அந்த அளவுக்கு மேலே ஒரு சுற்றுகூட இறுக்கக்கூடாது. ரிலீஃப் வால்வு அளவை மீறிய பளுவைத் தூக்கவிடாமல் தடுத்து வண்டியைக் கவிழாமல் காப்பது.

பேல் கிளாம்ப் உள்ள வண்டியில் இன்னொரு கசிவு வழி இருக்கிறது. கிளாம்ப் லீவரின் ஸ்பூல் முழுதாக நடுநிலைக்குத் திரும்பாவிட்டால் லிஃப்டுக்குப் போகவேண்டிய எண்ணெய் அங்கே பிரியும். ஸ்டியரிங்குக்கும் லிஃப்டுக்கும் ஒரே பம்ப் உள்ள வண்டிகளில் ஸ்டியரிங்குக்கு முன்னுரிமை தரும் வால்வு சிக்கிக்கொண்டாலும் இதேதான். தூக்கிக்கொண்டே ஸ்டியரிங்கைத் திருப்பினால் வேகம் சற்றுக் குறைவது இயல்பு. திருப்பாதபோதும் குறைவது கோளாறு.

எண்ணெயும் மின்சாரமும் சரி, இன்னும் மெதுவென்றால் மாஸ்ட்டே தடுக்கிறது. பழைய கிரீசில் பஞ்சு ஒட்டி, மாஸ்ட் சேனலுக்குள் கெட்டிப் பசையாக இறுகி உருளைகளைப் பிடித்துக்கொள்ளும். ஒரு குறிப்பிட்ட உயரத்தில் மட்டும் திணறினால் அந்த இடத்தில் சேனல் வளைந்திருக்கலாம் அல்லது உருளை ஒன்று சுழலாமல் தேய்ந்து தட்டையாகியிருக்கலாம். இரண்டு செயின்களின் இறுக்கம் ஒன்றுபோல் இல்லாவிட்டால் கேரியேஜ் கோணலாக ஏறும். செயின் 3 விழுக்காடு நீண்டுவிட்டால் வேகத்தைப் பார்க்காமல் மாற்றியே ஆகவேண்டும்: 317 மி.மீ. இருக்கவேண்டிய 20 கண்ணிகள் 327 மி.மீ. அளந்தால் அந்தச் செயினின் காலம் முடிந்தது.

இறங்கும் வேகத்துக்குப் பேட்டரியோ பம்போ பெரும்பாலான வண்டிகளில் பொறுப்பல்ல. பளுவின் எடையே ஃபோர்க்கைக் கீழே கொண்டுவருகிறது. அதனால் வெறும் ஃபோர்க் பளுவோடு வருவதைவிட மெதுவாக இறங்குவது இயல்பு. பளுவோடும் மெதுவாக இறங்கினால், ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வில் அழுக்கு சிக்கியிருக்கலாம், ஹோஸ் வெடித்தால் ஃபோர்க் விழாமல் காக்க சிலிண்டர் அடியில் வைத்த காப்பு வால்வு பாதி மூடிய நிலையில் நின்றிருக்கலாம், உருளை இறுகியிருக்கலாம். எதிர்த்திசைக் கோளாறுதான் பயப்படவேண்டியது. முழுப் பளுவோடு இறங்கும் வேகம் நொடிக்கு 0.6 மீட்டரைத் தாண்டக்கூடாது என்பது விதி. ஃபோர்க் விழுவதுபோல் இறங்கும் வண்டியை அந்த நொடியே நிறுத்தி, சாவியை எடுத்து, பேட்டரி பிளக்கைப் பிடுங்கி வைக்கவேண்டும். அவசர லோடு என்று இன்னொரு முறை தூக்கக்கூடாது.

பழுது நீக்கிய பிறகு தொடக்கத்தில் போட்ட அதே 2 மீட்டர் கோட்டில், அதே பளுவோடு, எண்ணெய் வேலைச் சூட்டுக்கு வந்தபின் மறுபடி நேரம் பார்க்கவேண்டும். வெறும் ஃபோர்க் வேகம், பளு வேகம், தூக்கும் நேரத்துப் பேட்டரி வோல்டேஜ், மின்னோட்டம், 10 நிமிட இறக்கம் ஆகிய ஐந்து எண்களும் வண்டியின் பதிவேட்டில் தேதியோடு ஏறவேண்டும். வண்டி நல்ல நிலையில் இருக்கும்போதே இந்த எண்களை எடுத்து வைத்திருக்கும் மில்லில், அடுத்த முறை புகார் வரும்போது எது மாறியது என்பதை மெக்கானிக் பழைய பக்கத்தைப் புரட்டி அரைமணி நேரத்தில் சொல்லிவிட முடியும்.